தாடைக்காரிகள்

காட்டுப்பாக்கம்
14.7.2024

அன்புள்ள பவ்யாவுக்கு,

தட்சிணாமூர்த்தி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை கோமளாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உனக்கு போன் செய்ய மாட்டேன் என்று கோமளாவிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கும் விஷாலுக்கும் கோர்ட்டில் விவாகரத்து முடிந்த அன்றைக்கு அவள் கேட்டாள், சொல்லிவிட்டேன். கடிதத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? உன் துணிகளை எடுத்துப்போக வந்த உன் தோழி ரோஷினியிடம் ஹாஸ்டல் விலாசத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீ விட்டுப்போன எறும்புகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கட்டெறும்புகளைப் பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். அவை பிழைத்துக்கொள்ளும். தாடைக்காரிகளை மட்டும் வைத்திருக்கிறேன். நசரத்பேட்டை புங்கமரத்தடியில் நீ சருகைச் சலிக்க, நான் குடை பிடிக்க, அந்த மழை நாளில் கிடைத்தவை. இரண்டு மில்லிமீட்டர் உடம்பு, அதில் பாதி தாடை. இப்போதும் என் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. போனில் லென்சை மாட்டித்தான் பார்க்கிறேன்.

கஷ்டம் என்னவென்றால், அவற்றுக்குத் தீனியான துள்ளுப்பூச்சிகள் சாகின்றன. கரி போட்டு வளர்க்கிறோமே அந்த ஐஸ்கிரீம் டப்பாவில், கோதுமை மாவு தூவியதுபோல் ஏதோ ஊர்கிறது. உண்ணி என்று நினைக்கிறேன். தாடைக்காரிகள் வேறு எதையும் தொடுவதில்லை. சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன செய்யட்டும்?

நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நீ போய்விட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை. இல்லை, குறையாகத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தட்சிணாமூர்த்தி


சேக்காடு
23.7.2024

வணக்கம்.

உங்களை என்னன்னு கூப்பிட்டு ஆரம்பிக்கறதுன்னு தெரியாம ரெண்டு பேப்பரைக் கிழிச்சாச்சு. மாமான்னு எழுத எனக்கு இனி உரிமை இல்ல. சார்னு எழுதிப் பாத்தேன், சிரிப்பு வந்துது. அதனால வெறும் வணக்கம்.

அது உண்ணிதான். டப்பா நிறைய தண்ணி ஊத்துங்க. துள்ளுப்பூச்சி மேல மிதக்கும், உண்ணியில முக்கால்வாசி கரியோட கீழ தங்கிடும். மிதக்கறதை மட்டும் மெதுவா வேற டப்பாவுல சாய்ச்சுக்கோங்க. அதுல புதுக் கரி, கொதிக்க வச்சு ஆறினது. மேல நாலஞ்சு பச்சரிசி போதும். நீங்க கை தாராளமா போட்டிருப்பீங்க, அதான் உண்ணி வந்திருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து காத்து விடுங்க.

சொல்லாம போனேன்னு எழுதியிருக்கீங்க. சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா." கல்யாணம் ஆன மூணாம் மாசம் அவர் ஐதராபாத்ல வேலை வாங்கிக்கிட்டுப் போனப்பவும் அதைத்தான் சொன்னீங்க. மாசம் ஒரு தடவை வந்துட்டு, வந்த ரெண்டு நாளும் தூங்கிட்டுப் போனப்பவும் அதைத்தான் சொன்னீங்க. நானும் அங்கேயே வர்றேன்னு கேட்டதுக்கு "அப்பா அம்மாவை யார் பாத்துப்பா"ன்னு அவர் கேட்டாரே, அன்னைக்கும் நீங்க அங்கதான் உக்காந்திருந்தீங்க. அவர் என்னை அடிக்கல, திட்டல. எங்கேயோ இருந்தார், அவ்வளவுதான். அதை யார்கிட்ட சொன்னாலும் இதுக்காகவா விட்டுட்டு வந்தேன்னு கேக்கறாங்க. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

இனி எழுத வேண்டாம். எறும்புக்கு ஏதாவது ஆனா மட்டும் எழுதுங்க.

பவ்யா


காட்டுப்பாக்கம்
11.8.2024

அன்புள்ள பவ்யாவுக்கு,

எறும்புக்கு ஏதாவது ஆனால் எழுதச் சொன்னாய். ஆகியிருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

நீ சொன்னபடி செய்ததில் பூச்சி டப்பா பிழைத்துக்கொண்டது. கோமளாவின் டீ வடிகட்டியைக் கரி வடிக்க எடுத்ததால் இங்கே ஒரு சண்டை நடந்தது, அது போகட்டும். பட்டினி கிடந்த தாடைக்காரிகளுக்கு அன்று மாலை பத்துப் பூச்சிகள் விட்டேன். ஒருத்தி தாடையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றாள். ஓடவில்லை, துரத்தவில்லை. பூச்சி தானாக வந்து அவள் முகத்தில் முட்டும்வரை நின்றாள். அப்புறம் நடந்ததை என் கண் பார்க்கவில்லை. பூச்சி அவள் வாயில் இருந்தது.

அடுத்தது, எங்கள் குடியிருப்புச் சங்கம் கரப்பானுக்கு மருந்து அடித்தது. எல்லா வீட்டுக்குள்ளும் அடிப்பார்கள், யாரும் மறுக்கக் கூடாது என்று நோட்டீஸ் போட்டார்கள். நான் தாடைக்காரிகளையும் பூச்சி டப்பாவையும் ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் கண்டக்டர் ஒருவர் வந்து, "பெரியவரே, எந்த ஊருக்குப் போவணும்? காலைலேர்ந்து பாக்கறேன், எந்த வண்டியிலயும் ஏற மாட்றீங்க" என்றார். எந்த ஊருக்கும் இல்லை என்றேன். அவர் பரிதாபப்பட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

பொறுத்துக்கொள் என்று சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு வேறு வார்த்தை தெரியாதம்மா. திண்டிவனத்திலிருந்து இங்கே மாற்றலாகி வந்தபோதும், எனக்குக் கீழே இருந்தவன் எனக்கு மேலே போனபோதும், எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதுதான். கையில் இருந்ததைக் கொடுத்தேன்.

தட்சிணாமூர்த்தி


சேக்காடு
1.9.2024

வணக்கம்.

பஸ் ஸ்டாண்ட் கதையைப் படிச்சுட்டுச் சிரிச்சேன். பக்கத்துக் கட்டில் பொண்ணு என்னன்னு கேட்டா. எங்கேர்ந்து ஆரம்பிச்சுச் சொல்றதுன்னு தெரியல. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்.

மருந்து அடிச்ச வாடை போற வரைக்கும் அதுங்களைத் தரையில வைக்காதீங்க மாமா. அலமாரி மேல வைங்க. பாருங்க, கை தானா மாமான்னு எழுதுது. கோடு போட்டு அடிக்கல, அப்படியே இருக்கட்டும்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கையில இருந்ததைக் குடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. முழுசா நம்பல. நான் போயிட்டா உங்களுக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்காது. சல்லடையும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கிட்டுக் காலையில எறும்பு தேடக் கிளம்பறதுக்கு வேற ஆளு கிடையாது. அதுக்காகத்தான் என்னைப் பொறுத்துக்கச் சொன்னீங்க. எனக்காகச் சொல்லல. கோவத்துல எழுதல. கோவப்படற அளவுக்குத் தெம்பும் இல்ல. அம்பத்தூர்ல ஆபீஸ் முடிஞ்சு, நின்னுக்கிட்டே ரயில்ல வந்து, இங்க ஹாஸ்டல்ல சமைக்கிற கெங்கம்மாள் அக்கா வச்ச ரசத்தை ஊத்திச் சாப்பிட்டுப் படுத்தா விடிஞ்சுடுது. ஞாயித்துக்கிழமை பூரா தூங்கறேன். எனக்கும் அந்தக் கிழமை போச்சு, அதையும் சொல்லிடறேன்.

ராணி முட்டை போடறாளா? வெள்ளையா குவிச்சு வச்சிருப்பாங்களே, அது கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? லென்ஸ் வச்சுப் பாத்து எழுதுங்க.

பவ்யா


காட்டுப்பாக்கம்
29.9.2024

அன்புள்ள பவ்யாவுக்கு,

கூடியிருக்கிறது. நல்ல செய்தி அது ஒன்றுதான், அதனால் முதலில் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீ எழுதியது உண்மை.

விஷால் எங்கள் இருவரையும் ஐதராபாத்துக்கே வந்துவிடச் சொல்கிறான். பதினான்காவது மாடியாம். இந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். கோமளா பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றத் தொடங்கிவிட்டாள். "அந்த டப்பா மட்டும் வராது" என்று சொல்லிவிட்டாள். அவளோடு வாதாட முடியவில்லை.

எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று போன வாரம் நசரத்பேட்டைக்குப் போனேன். புங்கமரம் இருக்கிறது. அடியில் ஒரு சருகு இல்லை. சுற்றிலும் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். ஒருவர் தண்ணீர் பீய்ச்சி வண்டி கழுவிக்கொண்டிருந்தார். "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வருகிற வழியில் மூச்சு வாங்கியது. சர்வீஸ் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் வேம்புலி பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மூஞ்சியெல்லாம் இப்டி வேர்த்து ஊத்திகினு கீது? குந்து, குந்து" என்று பெஞ்சில் உட்காரவைத்தார். சோடா கொடுத்தார். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டதும் அவர்தான். வாயுத் தொல்லை. இப்போது பரவாயில்லை.

உன்னால் இவற்றை வைத்துக்கொள்ள முடியுமா? ஹாஸ்டல், ஒரே அறையில் இரண்டு கட்டில், எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்றே எழுது. வருத்தப்பட மாட்டேன். படுவேன், ஆனால் உனக்கு அதை எழுத மாட்டேன்.

தட்சிணாமூர்த்தி


சேக்காடு
20.10.2024

அன்புள்ள மாமா,

முடியாதுன்னு எழுதி, உறைக்குள்ள போட்டு, ஒட்டியும் வச்சிருந்தேன். அதுக்குள்ள அத்தை வந்துட்டாங்க.

அன்னைக்கு உங்களுக்கு வந்தது வாயு இல்லன்னு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு வந்தாச்சுன்னு சொன்னாங்க. எனக்கு யாரும் சொல்லல. சொல்றதுக்கு நான் யாருன்னு யோசிச்சிருப்பீங்க. இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கிக்கிட்டிருந்தேன். கெங்கம்மாள் அக்கா வந்து எழுப்பினாங்க. "யம்மா பவ்யா, கீய ஒரு பெரியம்மா வந்துகினு கீறாங்கோ. உள்ள வந்து குந்துன்னா குந்த மாட்றாங்கோ. கையில இன்னாவோ டப்பாவாம், யாரையும் தொடவுட மாட்றாங்கோ." இறங்கிப் போனா அத்தை. சண்டைக்கு வந்திருக்காங்கன்னு நினைச்சு ரெண்டு படி மேலயே நின்னுட்டேன்.

"டப்பா சாயக் கூடாதுன்னார். பூந்தமல்லியிலேர்ந்து நின்னுக்கிட்டே வந்தேன்"னு சொன்னாங்க. "ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு எறும்புக்குத் தீனி போட்டியான்னு கேக்கறார் மனுஷன். டாக்டர் பக்கத்துல நிக்கறார், எனக்கு மானம் போச்சு. உன் விலாசத்தையும் அவரே சொன்னார். லெட்டர் போடறதையும் சொன்னார்."

"தீனி யார் போட்டா?"ன்னு கேட்டேன்.

"வேற யாரு இருக்கா? நான்தான். முதல் நாள் கண்ணை மூடிக்கிட்டுக் கொட்டினேன். அப்புறம் ஒரு நாள் அந்த லென்சை வச்சுப் பாத்தேன். ஒண்ணு வாயைப் பிளந்துக்கிட்டு அசையாம நிக்குது. என்னதான் பண்ணுதுன்னு நானும் நின்னேன். அடுப்புல கூட்டு அடிபிடிச்சுப்போச்சு."

உள்ள வாங்க அத்தைன்னேன். "உன்னைப் பாக்க வரல, இதைக் குடுக்க வந்தேன்"னாங்க. டப்பாவை என் கையில வச்சதும் அவங்க தோள் ரெண்டும் இறங்குச்சு. அவ்வளவு நேரம் அப்படியே பிடிச்சுக்கிட்டு வந்திருக்காங்க. கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பிப் பாத்து, "இளைச்சுட்டே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

முடியாதுன்னு எழுதின லெட்டரைக் கிழிச்சுட்டேன். தாடைக்காரிங்க என் கட்டிலுக்கு அடியில இருக்காங்க. பக்கத்துக் கட்டில் பொண்ணுகிட்ட மீன் மாதிரி ஒரு வளப்புதான்னு சொல்லியிருக்கேன்.

மாத்திரையை ஒழுங்கா போடுங்க.

பவ்யா


ஐதராபாத்
8.12.2024

அன்புள்ள பவ்யாவுக்கு,

வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இங்கே தரை கண்ணாடிபோல் இருக்கிறது. எறும்பு ஒன்றுகூட இல்லை. சர்க்கரை சிந்தினால் சிந்தியபடியே கிடக்கிறது. கீழே இறங்கினால் தோட்டம் உண்டு, ஆனால் சருகு விழுந்த உடனே ஊதித் தள்ளும் இயந்திரத்தோடு ஒரு ஆள் சுற்றுகிறார். நான் குனிந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். குனிந்தால் தலை சுற்றவும் செய்கிறது.

விஷால் இரவு வருகிறான், சாப்பிடுகிறான், படுத்துவிடுகிறான். இத்தனை நாள் அவனைத் தூரத்திலிருந்து குறை சொன்னேன். பக்கத்திலிருந்து பார்த்தால் அவனும் ஓய்ந்துபோனவனாகத்தான் தெரிகிறான். உனக்கு இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

இன்னொன்றையும் உனக்கு மறைக்க விரும்பவில்லை. அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். சித்தூர்ப் பக்கத்துக் குடும்பம், தமிழ் பேசுகிறவர்கள். விஷாலை ஆபீசில் ஜெர்மனிக்கு இரண்டு வருஷம் அனுப்புகிறார்கள். கல்யாணம் முடித்துவிட்டு அவன் போவான், பெண் எங்களோடு இங்கே இருப்பாள் என்று பேச்சு.

தாடைக்காரிகள் எப்படி இருக்கிறார்கள்?

தட்சிணாமூர்த்தி


சேக்காடு
16.2.2025

அன்புள்ள மாமா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆயிடுச்சு. மன்னிச்சுக்கோங்க.

ராணி செத்துட்டா. சுத்தி வளைச்சு எழுதத் தெரியல. வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பாத்தேன். குப்பை கொட்டற மூலையில தனியா கிடந்தா. ரெண்டு பேர் இன்னும் அவளை நக்கிக்கிட்டிருந்தாங்க. ஈரம் சரியாத்தான் இருந்துது, தீனி இருந்துது, உண்ணி இல்ல. வயசாயிருக்கலாம், தெரியல. ஆபீசுக்கு லீவு சொன்னேன். மேனேஜர் யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டார். வீட்டுல ஒரு சாவுன்னு சொல்லிட்டேன். பொய் மாதிரி தோணல.

மத்தவங்க உடனே சாக மாட்டாங்க, உங்களுக்கே தெரியும். இருக்கற புழுவை வளப்பாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா குறைவாங்க. கடைசி வரைக்கும் தீனி போடறேன்.

விஷால் கல்யாண விஷயம். மறைக்காம எழுதினதுக்கு நன்றி. எனக்கு அழுகை வரல, பொறாமை வரல. அப்பாடான்னுகூட இல்ல. ஆனா அந்தப் பொண்ணு எங்கேயோ ஒரு வீட்டுல உக்காந்துக்கிட்டு, பதினாலாவது மாடின்னா எப்படியிருக்கும்னு யோசிச்சுக்கிட்டிருப்பா. அவரு ஜெர்மனியில, அவ உங்களோட. எனக்குக் காட்டுப்பாக்கம், அவளுக்கு ஐதராபாத். அவ ஒரு நாள் உங்க எதிர்ல வந்து நிப்பா மாமா. நீங்க நல்லவர், அன்பாத்தான் பேசுவீங்க. அவகிட்டயும் பொறுத்துக்கோம்மான்னுதான் சொல்லுவீங்க.

சொல்லாதீங்க. உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இதைக் கேக்கறேன்.

பவ்யா


காட்டுப்பாக்கம்
6.4.2025

அன்புள்ள பவ்யாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். திரும்பி வந்துவிட்டோம்.

ராணியின் செய்தியைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிட உட்காரவில்லை. கோமளா கடிதத்தை வாங்கிப் படித்தாள். முழுவதையும் படித்தாள். மடித்துக் கொடுத்தாள்.

போன மாதம் பெண் வீட்டார் பேசி முடிக்க வந்தார்கள். பெண்ணின் அப்பா கஜபதி, மரியாதையான மனிதர். தாம்பூலம் மாற்றப் போகும் நேரத்தில் நான், "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு எங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி சம்பந்தி? உங்க கூடத்தான்" என்றார்.

"எங்க கூட வேண்டாம். அவன் போற இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போகட்டும். முடியலன்னா, ரெண்டு வருஷம் கழிச்சு அவன் திரும்பி வந்தப்புறம் வச்சுக்கலாம். எங்களைப் பாத்துக்க ஒரு பொண்ணைக் கொண்டுவர வேண்டாம். நாங்க நடமாடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

விஷால் என்னை உள்ளே கூப்பிட்டான். "பவ்யா சொல்லிக்குடுத்தாளாப்பா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "எனக்கும் அங்க தனியா இருக்கணும்னு ஆசையில்லப்பா. யாரும் கேக்கல" என்றான். என் மகன் என்னிடம் இப்படி ஒரு வாக்கியம் பேசி எத்தனையோ வருஷம் இருக்கும்.

வெளியே வந்தபோது கோமளா கஜபதியிடம், "அவர் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க. ஒரு தடவை நாங்க அப்படிச் செஞ்சு பாத்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தது. பெண்ணுக்கும் சேர்த்து விசா எடுப்பதாகத் தீர்மானம் ஆயிற்று. கல்யாணம் ஜூனில். அதுவரை நாங்கள் அங்கே இருந்து என்ன செய்ய? டிக்கெட் போடச் சொன்னோம்.

ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த வீடு. உள்ளே நுழைந்தால் தூசி. சமையல் மேடையிலிருந்து ஜன்னல் வரை எறும்புச் சாரி. எனக்குக் குனிய முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோமளா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எறும்பு சாக்பீசோடு மேடைக்குப் போனாள். கோடு போடப் போனவள் நின்றுவிட்டாள். லென்சை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"இது எந்த எறும்புன்னு பாத்துச் சொல்லுங்க. அப்புறம் கோடு போடறேன்" என்றாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன்.

"சாதா எறும்புதான். போடு" என்றேன்.

தட்சிணாமூர்த்தி